பூஞ்சை திரும்பி வராமல் இருக்க

பள்ளிக்கூடத்தில் வருஷக் கடைசியில் எடுத்த வகுப்புப் புகைப்படத்தில்தான் அதை முதலில் கவனித்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் வரிசையாக நிற்க, நடுவில் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். என் வலது கண் இடது கண்ணைவிடச் சற்று முன்னால் வந்து நின்றது. படம் எடுத்த கோணம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தபோதும் அப்படியே இருந்தது.

அதற்கு முன்பே இரண்டு வருஷமாக எனக்கு மூக்கடைப்பு. ஆம்பூரில் மூக்கடைப்பை யாரும் ஒரு வியாதியாக எண்ணுவதில்லை. தூசி, தோல் கம்பெனிக் காற்று, பனி என்று சொல்வதற்கு எப்போதும் ஏதாவது காரணம் இருக்கும். நானும் ஆவி பிடித்தேன், மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை போட்டேன், வாயால் மூச்சு விட்டுக்கொண்டே பாடம் நடத்தினேன். வாசனை எப்போது போயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் பால் பொங்கி வழிந்து பாத்திரம் கருகிப்போனது. அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்த மகள் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி இரண்டடி தள்ளி நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூக்கு டாக்டர் ஒரு பெண், என்னைவிட வயதில் சின்னவர். படத்தில் காற்று இருந்தால் கறுப்பாகத் தெரியும் என்று சொல்லி வலது பக்கத்தைக் காட்டினார். அங்கே கறுப்பே இல்லை. மூக்கையும் கண்ணையும் பிரிக்கும் எலும்பு காகிதமாக மெலிந்து கண்ணின் பக்கம் தள்ளப்பட்டிருந்தது. தள்ளிப்போட்டால் பார்வைக்கே ஆபத்து என்றார். மூன்று வாரத்தில் ஆபரேஷன் நடந்தது.

உள்ளேயிருந்து எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பும் முன் என் கணவருக்குக் காட்டியிருக்கிறார்கள். வேர்க்கடலையை அரைத்து வைத்ததுபோலப் பசையாக, பச்சையும் பழுப்புமாக இருந்தது என்று பிற்பாடு சொன்னார். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருபது வருஷம் கம்பெனியில் தோலோடு புழங்கியவர் எதற்கும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் டாக்டர் என் கட்டில் பக்கத்தில் நின்று எங்கள் இருவருக்கும் விளக்கினார்.

"பூஞ்சை காத்துல எல்லா இடத்துலயும் இருக்கு. எல்லாரும்தான் மூச்சுல இழுக்கிறோம். சிலர் உடம்புக்கு மட்டும் அது ஒத்துக்காது. உள்ள சதை வளரும், சளி கெட்டியாகும், அந்தச் சளியில பூஞ்சை இன்னும் தங்கும். இப்ப சுத்தமா எடுத்துட்டோம். ஆனா இது திரும்பி வரக்கூடிய வியாதி. வராம பாத்துக்கிறதுதான் இனிமே பெரிய வேலை."

என் கணவர் கேட்டார். "நான் தோல் கம்பெனியில செலக்‌ஷன்ல இருக்கேன் மேடம். மழைக்காலத்துல தோல் மேலயே பூசணம் பூத்துடும். என் துணியில அது வீட்டுக்கு வருமா?"

"வரலாம். ஆனா அதுதான் காரணம்னு சொல்ல முடியாது. பொதுவா ஈரம், பூசணம் இருக்கிற இடத்துல இருந்து தள்ளி இருக்கிறது நல்லது."

டாக்டர் மூன்று வாக்கியம் சொன்னார். என் கணவர் காதில் முதல் வார்த்தை மட்டும்தான் விழுந்தது.

அவருடைய வேலையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பதப்படுத்தி ஈரத்தோடு வரும் நீலநிறத் தோல்களை மேசைமேல் விரித்து, தழும்பு, உண்ணிக் கடி, கத்தி பட்ட இடம் எல்லாம் பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரிக்க வேண்டும். அதைத்தான் செலக்‌ஷன் என்பார்கள். படிப்பு பத்தாம் வகுப்புதான். ஆனால் வெளிநாட்டிலிருந்து தோல் வாங்க வருகிறவர்கள்கூட அவர் பிரித்த அடுக்கை மறுபடி புரட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று அவருடைய மேனேஜர் எங்கள் வீட்டு விசேஷத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறார். அன்று பந்தியில் எல்லாருக்கும் என் கணவரே பரிமாறினார்.

ஆபரேஷனுக்குப் பிறகு என் நாள் முழுவதும் மூக்கைச் சுற்றியே போயிற்று. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும். உப்பும் சோடா உப்பும் கலந்த பொட்டலத்தை ஒரு பிளாஸ்டிக் புட்டியில் கரைத்து, டாக்டர் எழுதிய ஸ்டீராய்டு மருந்தையும் அதில் சேர்த்து, தொட்டியின் மேல் குனிந்து ஒரு நாசியில் பீய்ச்சினால் மறு நாசி வழியே வரும். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. முதல் வாரம் தண்ணீர் காதுக்குள் ஏறி வலித்தது. நெற்றிக்குள் எங்கோ தங்கிய தண்ணீர், கரும்பலகையில் எழுதக் குனியும்போது திடீரென்று மூக்கிலிருந்து கொட்டும். பிள்ளைகள் சிரிப்பார்கள். அதோடு ஸ்டீராய்டு மாத்திரை, குறைத்துக் குறைத்துச் சில வாரங்கள். முகம் வீங்கி உருண்டையாயிற்று. ஆறு வாரத்துக்கு ஒருமுறை வேலூர் போய், கேமரா வைத்த மெல்லிய குழாயை மூக்குக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்த பொருக்கை உறிஞ்சி எடுப்பார்கள்.

மூன்றாவது வாரத்தில் வாசனை திரும்பி வந்தது. முதலில் வந்தது என் கணவரின் சட்டை. சாயங்காலம் வேலையிலிருந்து வந்து அவர் செருப்பைக் கழற்றும்போது, சுண்ணாம்பும் அமிலமும் ஈரத்தோலும் கலந்த அந்த நாற்றம் வாசலைத் தாண்டி வந்தது. கல்யாணமான புதிதில் எனக்குக் குமட்டிய அதே நாற்றம். நான் அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன். எனக்கு வாசனை தெரிகிறது என்று சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் சட்டென்று விலகிக்கொண்டார். அன்றிலிருந்து கம்பெனியிலேயே குளித்துத் துணி மாற்றிக்கொண்டு வர ஆரம்பித்தார்.

அந்த மழைக்காலத்தில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வேலையை விட்டுவிட்டு வந்தார்.

நான் சண்டை போட்டேன். காரணம் அதுதான் என்று டாக்டர் சொல்லவில்லையே என்றேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "வரலாம்னு சொன்னாங்க இல்ல. அந்த வரலாமுக்கு நான் இன்னா பண்றது? தினம் தோலைத் தொடும்போது உன் மூக்குதான் கண்ணு முன்னாடி நிக்குது. பேஜாரா இருக்குது. முடியல."

பைபாஸ் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்கில் சேர்ந்தார். சம்பளம் கம்மி. அதைவிட எனக்கு வேறொன்று பொறுக்கவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டுப் பஸ்ஸில் வரும்போது பங்கின் எதிரே நெரிசலில் பஸ் நின்றது. பழைய மேனேஜரின் கார் பங்குக்குள் வந்தது. கண்ணாடியை இறக்கி அவர் ஏதோ சொன்னார். தோளில் கைபோடுகிற மாதிரி அன்பாகத்தான் சொல்லியிருப்பார். என் கணவர் சீருடைத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார். கார் போன பிறகும் கொஞ்ச நேரம் தொப்பி கையிலேயே இருந்தது. நான் பஸ்ஸில் முகத்தைத் தாழ்த்திக்கொண்டேன். அன்று அவரைப் பார்த்ததாக இதுவரை அவரிடம் சொன்னதில்லை.

வீட்டையும் மாற்றினோம். பாலாற்றுப் பக்கத்துத் தெருவில் கீழ்த்தள வீடு, மழை பெய்தால் சுவரில் அரையடிக்கு ஓதம் ஏறும், கறுப்புப் புள்ளிகள் பூக்கும். அதை விட்டுவிட்டு மாடியில் வெயில் படும் வீடு பார்த்தோம். பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போட்டோம். மர பீரோவைக் கொடுத்துவிட்டோம். செத்துப்போன என் அப்பாவின் வேதாகமம் ஒன்று என்னிடம் இருந்தது. ஓரங்களில் பென்சிலால் அவர் எழுதிய குறிப்புகள், பிரசங்கம் கேட்ட தேதிகள் எல்லாம் இருக்கும். அதன் தாள்களிலும் பழுப்புப் புள்ளிகள் இருந்தன. என் கணவர் மூன்று நாள் வெயிலில் வைத்தார். நான்காம் நாள் நானே அதை பிளாஸ்டிக் பையில் கட்டி அண்ணன் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அண்ணி ஏன் என்று கேட்டாள். ஒரு புத்தகத்துக்குப் பயப்படுகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது.

இரண்டு வருஷம் நன்றாக இருந்தது. ஒவ்வொரு முறையும் டாக்டர் திரையில் காட்டினார். உள்ளே இளஞ்சிவப்பாக, காலியாக, கழுவிவிட்ட வீடு மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் தலை எண்ணெய் மணந்தது. மழை வருவதற்கு முன் மண் மணந்தது. ஒரு வேளைகூட மூக்குக் கழுவத் தவறவில்லை. உறவில் ஒரு கல்யாணத்துக்கு வாலாஜாபேட்டை போனபோது, புட்டியையும் கொதித்த தண்ணீரையும் கொண்டுபோய் மண்டபத்துக் குளியலறையில் வரிசையில் நின்று கழுவினேன்.

மூன்றாம் வருஷம் ஆடி மாதத்தில் ஜாதிமல்லி கட்டிக்கொண்டிருந்தேன். பூவின் வாசனை மெல்லியதாக இருந்தது. பூ நேற்றையது போலும் என்று நினைத்தேன். மகளைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னேன். நல்லாத்தானே இருக்குது என்றாள். அவள் போன பிறகு பூவை மூக்கோடு வைத்து அழுத்தினேன். ஒன்றுமில்லை.

வேலூரில் டாக்டர் குழாயை உள்ளே விட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். திரையில் உரித்த திராட்சை மாதிரி பளபளப்பான சதை இரண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் அந்தப் பச்சைப் பசை. ரத்தப் பரிசோதனையில் அலர்ஜி அளவும் ஏறியிருந்தது.

நான் எங்கே தவறினேன் என்று கேட்டேன். தவறவில்லை என்றார். "நீங்க செய்யவேண்டியதை எல்லாம் செஞ்சிருக்கீங்க. எல்லாம் செஞ்சும் சிலருக்கு வரும். செய்யாம இருந்திருந்தா இதைவிட சீக்கிரம் வந்திருக்கும்."

என் கணவர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பும்போது பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் பஸ் நின்றபோது, எதிர் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"அப்போ என் துணியில இருந்து வர்ல."

அது கேள்வியா என்று தெரியவில்லை. நிம்மதியா என்றும் தெரியவில்லை. தெரியாதுங்க என்று மட்டும் சொன்னேன். அதுதான் உண்மை. அவர் வேலையை விடாமல் இருந்திருந்தால் ஒரு வருஷத்தில் வந்திருக்குமோ, விட்டதால் இரண்டு வருஷம் தாங்கியதோ, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையோ, சொல்ல யாரும் இல்லை. அவர் தலையை ஆட்டினார். மாதனூர் தாண்டும்போது தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் தடவை பயம் இருந்தது, கூடவே ஒரு எதிர்பார்ப்பும் இருந்தது. இந்த முறை இரண்டும் இல்லை. வாசனை பாதி வந்தது. காபி தெரியும், சோறு தெரியாது.

உடம்பு தேறியதும் அவரைப் பழைய வேலைக்குப் போகச் சொன்னேன். கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். செலக்‌ஷன் மேசையில் வேறொருவர் நின்றார். பச்சைத்தோல் கிடங்கில் இடம் இருக்கிறது, வருகிறாயா என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். உப்புத் தோலை இறக்கி அடுக்குகிற இடம், எப்போதும் ஈரம். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார். பிறகு போகவே இல்லை. "போய், திரும்ப உனக்கு வந்துச்சுன்னா? அப்போ நான் இன்னா சொல்றது?" என்றார். பங்கிலேயே இருந்துவிட்டார்.

அந்த வருஷம் மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுற்றுலா போனார்கள். இந்த முறை வேண்டாம் என்று சொன்னேன். வீட்டு நிலைமை அவளுக்குத் தெரியும், கேட்டுவிட்டு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் போடாமல், என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள். "அப்பா உன்னாலதான் வேலைய விட்டாரு. விட்டும் உனக்கு சரியாவல. அப்புறம் எதுக்கு எல்லாரும் இப்படி இருக்கோம்?"

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மறுநாள் வந்து மன்னிப்புக் கேட்டாள்.

அதற்குச் சில நாள் கழித்து மூக்குக் கழுவுவதை நிறுத்தினேன். முடிவெடுத்து நிறுத்தவில்லை. ஒரு காலையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தேன், புட்டியை எடுத்தேன், குனிய முடியவில்லை. உடம்பில் எந்தக் குறையும் இல்லை. தொட்டியின் வெள்ளைப் பீங்கானைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலமும் அப்படியே. கணவருக்கும் மகளுக்கும் தெரியக்கூடாது என்று தினமும் இரண்டு வேளை குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் கேட்கச் செய்தேன். பதினொரு நாள் அப்படிப் போயிற்று. வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பதினொரு நாளும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்கூட ஜெபிக்க வாய் வரவில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் வலது மூக்கு அடைத்துக்கொண்டு தலை வெடித்தது. வலி தாங்காமல் போய்க் கழுவினேன். நம்பிக்கை திரும்பி வந்தது என்று எழுத ஆசைதான். வலிதான் வந்தது.

அடுத்த முறை வேலூர் போனபோது கணவரை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டரிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். டாக்டர் பேனாவை வைத்தார்.

"நிறைய பேர் நிறுத்துவாங்க. யாரும் சொல்றதில்ல. பதினோரு நாள்ல பெரிசா கெட்டுப்போகாது, ஆனா விட்டுட்டா சீக்கிரம் வரும். உங்களுக்கு கஷ்டம்னு எனக்குத் தெரியும். ஆனா இதுக்கு முடிவு எப்பன்னு என்னால சொல்ல முடியல."

அவ்வளவு படித்தவர் என் முன்னால் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆறுதலாக இல்லை. ஒருவேளை டாக்டருக்குத் தெரியும், எனக்குத்தான் சொல்லவில்லை என்ற எண்ணத்தில் இத்தனை நாள் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. புது மாதிரி ஊசி ஒன்று இருக்கிறது என்றும் டாக்டர் சொன்னார். எங்களுக்கு எட்டுகிற விலையில் இல்லை. அதைச் சொல்லும்போது டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

இந்த வருஷம் பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில் மறுபடி பார்க்கப் போனோம். வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சோளிங்கர் பக்கம் ஏதோ கிராமம், முப்பது வயது இருக்கலாம். ஆபரேஷன் முடிந்து ஒரு வாரமாம். புட்டியும் பொட்டலமும் கையில் புதிதாக இருந்தன. எப்படிக் கரைப்பது என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். குழாய்த் தண்ணீர் கூடாது, கொதித்து ஆறியதுதான் வேண்டும், வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டே பீய்ச்சினால் காதுக்குள் ஏறாது என்றேன். அவள் எல்லாவற்றையும் ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

"எத்தினி நாளைக்குக்கா கழுவணும்?"

அவள் முகத்தில் வலி இருந்தது, ஆனால் கண் தெளிவாக இருந்தது. மூச்சு வந்துவிட்ட சந்தோஷம் எனக்குத் தெரியும். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"டாக்டர் சொல்லுவாங்கம்மா" என்றேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் குழாயை விட்டார். இடது பக்கம் சுத்தம். வலது பக்கத்தில், மேலே, சதை ஒரு மிளகு அளவுக்கு எழும்பியிருந்தது. இப்போதைக்கு மாத்திரை கொடுத்துப் பார்ப்போம், இரண்டு மாதத்தில் ஸ்கேன் எடுப்போம் என்றார். மூன்றாவது ஆபரேஷன் என்று யாரும் வாயால் சொல்லவில்லை. மாத்திரைச் சீட்டை என் கணவர் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஸ்கேனுக்கு எந்தக் கிழமை வரவேண்டும் என்று கேட்டார். வியாழக்கிழமை என்றார்கள். பங்கில் வியாழன் லீவு கேட்டால் தரமாட்டார்கள், வேறு கிழமை கிடைக்குமா என்று பணிவாகக் கேட்டார். கிடைக்கவில்லை. நான் தனியாகவே வந்துவிடுகிறேன் என்றேன். அவர் சரி என்றார். இத்தனை வருஷத்தில் என்னைத் தனியாக வேலூர் அனுப்ப அவர் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.